கல் அச்சிலிருந்து ஹார்ட் டிஸ்க் வரை: சிவகாசியும் கட்டற்ற சேமிப்பகத்தின் கதையும்

சிவகாசி என்றதும் எல்லோருக்கும் பட்டாசுதான் நினைவுக்கு வரும். ஆனால் உங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிற தினசரி காலண்டரும் பெரும்பாலும் அங்கே அச்சானதாகத்தான் இருக்கும். பட்டாசு ஒரு நொடியில் தீர்ந்துவிடும். காலண்டர் ஒரு வருடம் இருக்கும். சரி, அந்தக் காலண்டரில் உள்ள படம் எத்தனை காலம் இருக்கும்? அச்சடித்தவரிடம் இருபது வருடம் கழித்துப் போய்க் கேட்டால் எடுத்துக் கொடுப்பாரா?

ஒவ்வொரு தலைமுறையும் இந்தக் கேள்வியைச் சந்தித்திருக்கிறது. படம் முதலில் கல்லில் இருந்தது, பிறகு தகட்டில், பிறகு ஃபிலிமில், இப்போது ஹார்ட் டிஸ்கில். இந்தக் கடைசிக் கட்டத்துக்காகவே உலகெங்கும் பலர் எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்ட மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றின் வரலாற்றை நம் விருதுநகர் மாவட்டத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. நடுவில் ஒரு தமிழ்நாட்டுக்காரரும் வருவார்.

கல் இருந்த காலம்

1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்ததை எங்கள் பக்கம் தெரியாதவர் இல்லை. 1923-ல் ஊர் திரும்பித் தொழில் தொடங்கினார்கள். தீப்பெட்டி செய்தால் போதுமா? அதன் மேல் ஒட்ட லேபிள் வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூடப் படத்தைப் பார்த்து "அந்தத் தீப்பெட்டி கொடுங்க" என்று கேட்டு வாங்க வேண்டும். பிறகு பட்டாசு வந்தது, அதற்கும் லேபிள் வேண்டியிருந்தது. இப்படித்தான் அச்சுத் தொழிலும் அங்கே காலூன்றியது.

அன்றைய அச்சு, லித்தோ என்கிற கல் அச்சு. 1796 வாக்கில் பவேரியாவில் அலாய்ஸ் செனஃபெல்டர் என்பவர் கண்டுபிடித்த முறை. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது, அவ்வளவுதான் தத்துவம். வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புச் சேர்ந்த மையால் வரைய வேண்டும். கல்லை நனைத்து அச்சு மையை உருட்டினால், வரைந்த இடத்தில் மட்டும் மை பிடிக்கும். நான்கு நிறம் என்றால் நான்கு கல்.

நம் கேள்விக்கு முக்கியமான விஷயம் இனிமேல்தான் வருகிறது. கல் கனமானது, விலையும் அதிகம். அதனால் ஒரு வேலை முடிந்ததும் கல்லின் மேல் மணலும் தண்ணீரும் போட்டுத் தேய்த்து, பழைய படத்தை அழித்து, அடுத்த படத்துக்குத் தயார் செய்வார்கள். இன்றைய பாஷையில் சொன்னால், இடம் பற்றாமல் பழைய ஃபைலை அழிப்பது! இடம் விலை உயர்ந்ததாக இருந்தவரை எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது என்பதை அடுத்த ஆர்டர்தான் முடிவு செய்தது.

பிறகு துத்தநாகத் தகடும் ஆஃப்செட்டும் வந்தன. கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் காலண்டராகி நாடெங்கும் போயின. இன்று காலண்டர் ஓவியம் ஆராய்ச்சிப் பொருள். கஜ்ரி ஜெயின் 2007-ல் இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். ஆனால் அன்று அச்சடித்தவர்களுக்கு அது போன வருடத்துக் காலண்டர். போன வருடத்துக் காலண்டரை யார் பாதுகாப்பார்கள்?

கம்ப்யூட்டர் வந்தது, கல் போகவில்லை

இப்போது டிசைன் எல்லாம் கம்ப்யூட்டரில். அதிலிருந்து தகடு நேராகவே தயாராகிவிடும். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவது சிவகாசி வழக்கம். அதற்கு முந்தைய மாதங்களில் டிசைன் செய்கிறவர்களுக்குத் தூக்கம் கிடையாது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 20 அங்குலத்துக்கு 30 அங்குலம் உள்ள ஒரு படம். அங்குலத்துக்கு 300 புள்ளி. அப்படியென்றால் 6000 பெருக்கல் 9000, அதாவது 5 கோடியே 40 லட்சம் புள்ளிகள். நான்கு நிற அச்சு என்பதால் புள்ளிக்கு 4 பைட். மொத்தம் 216 மெகாபைட். இது சுருக்காத ஒரே ஒரு படம், அடுக்கடுக்காக லேயர் வைத்தால் பல மடங்காகும். இப்படி 500 டிசைன் இருந்தால் 108 ஜிகாபைட்.

நான்கைந்து பேர் வேலை செய்கிற ஒரு டிசைன் சென்டரை நினைத்துப் பாருங்கள். முருகன் படம் ஒருவர் கம்ப்யூட்டரில், லட்சுமி படம் இன்னொருவர் கம்ப்யூட்டரில். பென் டிரைவ் மேசைக்கு மேசை சுற்றும். "ஃபைனல்", "ஃபைனல் 2", "ஒரிஜினல் ஃபைனல்" என்று ஒரே படத்துக்கு மூன்று பிரதிகள் இருக்கும், எது அச்சுக்குப் போனது என்று யாருக்கும் தெரியாது. டிஸ்க் நிறைந்தால் போன வருடத்து ஃபோல்டர் அழிக்கப்படும். மணலும் தண்ணீரும் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். வேலை அதே கல் தேய்க்கிற வேலைதான்.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் நாஸ் எனப்படும் வலையமைப்புச் சேமிப்பகம். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஹார்ட் டிஸ்க்குகளை எல்லாம் ஒரு பெட்டியில் வைத்து, அதை நெட்வொர்க்கில் இணைத்துவிட்டால், அலுவலகத்தில் இருக்கிற எல்லோரும் அதைத் தங்கள் கம்ப்யூட்டரில் இன்னொரு டிரைவ் போலத் திறக்கலாம். கடையில் ஆயத்தமாகவே கிடைக்கிறது. நாமே ஒரு பழைய கம்ப்யூட்டரில் கட்டற்ற மென்பொருளைப் போட்டும் செய்துகொள்ளலாம். இரண்டாவது வழி எப்படிப் பிறந்தது என்று பார்ப்போம்.

கான்பெராவில் ஒரு மாணவர்

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984-ல் என்.எஃப்.எஸ். என்ற முறையைக் கொண்டுவந்தது. யூனிக்ஸ் கம்ப்யூட்டர்கள் ஒன்றின் டிஸ்கை மற்றொன்று பயன்படுத்த அது வழி செய்தது. ஐபிஎம்மில் உருவாகி, பிறகு மைக்ரோசாஃப்ட் வளர்த்த எஸ்.எம்.பி. என்ற முறை தனியாக இருந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் பேச்சுவார்த்தை கிடையாது.

1991 டிசம்பரில் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், யூனிக்ஸ் சர்வரில் உள்ள இடத்தைத் தன் டாஸ் கம்ப்யூட்டரில் திறக்க ஆசைப்பட்டார். அந்த முறையின் விவரம் அவரிடம் இல்லை. அதனால் நெட்வொர்க் கம்பியில் போகிற தகவல்களை ஒட்டுக்கேட்டார். இது இப்படிக் கேட்டால் அது இப்படிப் பதில் சொல்கிறது என்று கவனித்து, அதே பதிலைத் தன் நிரலும் சொல்லும்படி எழுதிவிட்டார். புரியாத பாஷை பேசுகிற ஊரில் டீக்கடையில் உட்கார்ந்து கேட்டே பாஷை பழகுவது மாதிரி.

முதலில் வைத்த பெயர் வேறொரு நிறுவனத்தின் பெயரோடு மோதியது. எஸ், எம், பி என்ற மூன்று எழுத்தும் வரிசையாக வரும் சொற்களை அகராதிக் கோப்பில் தேடினார். கிடைத்ததுதான் சாம்பா. நம் சம்பா நெல் இல்லை, பிரேசில் நாட்டு நடனம்!

இன்று நீங்கள் எந்தக் கட்டற்ற நாஸை விண்டோஸிலிருந்து திறந்தாலும் அந்தப் பக்கம் பேசுவது பெரும்பாலும் சாம்பாதான். ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்டுக்கு எதிராக 2004-ல் கொடுத்த தீர்ப்பு 2007-ல் நீதிமன்றத்திலும் நின்றது. அதன் பிறகுதான் அந்த முறையின் ஆவணங்கள் 10,000 யூரோ கட்டணத்தில் சாம்பா குழுவுக்குக் கிடைத்தன. அதாவது பதினாறு வருடம் ஒட்டுக்கேட்டே ஓட்டியிருக்கிறார்கள்.

டிஸ்க் சாகும் என்று ஒப்புக்கொண்டவர்கள்

எல்லா ஹார்ட் டிஸ்கும் ஒரு நாள் சாகும். 1988-ல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் எழுதிய ரெய்டு கட்டுரை இதை ஒப்புக்கொண்டுதான் தொடங்குகிறது. விலை உயர்ந்த ஒரு டிஸ்குக்குப் பதிலாக மலிவான பல டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒன்று செத்தாலும் மற்றவற்றிலிருந்து தகவலை மீட்கும்படி எழுதி வைப்பது அவர்கள் யோசனை. இரண்டு டிஸ்கில் ஒரே தகவலை எழுதும் மிரரிங் அதில் எளிய வகை.

ஆனால் டிஸ்க் சாகாமலே பொய் சொன்னால்? ஒரு பைட் மாறிப்போய், அது யாருக்கும் தெரியாமலே இருந்தால்? முருகன் முகத்தில் ஒரு கோடு விழுந்திருப்பது தகடு எடுத்த பிறகுதான் தெரியும். சன் நிறுவனத்தில் ஜெஃப் பான்விக்கும் மேத்யூ அஹ்ரென்ஸும் தொடங்கிய இசட்.எஃப்.எஸ். இதற்குப் பதில் வைத்திருந்தது. ஒவ்வொரு துண்டுத் தகவலுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைத் தனியாக எழுதி வைக்கும். படிக்கும்போது எண் ஒத்துப்போகவில்லை என்றால், இன்னொரு டிஸ்கில் உள்ள நல்ல பிரதியை எடுத்துக் கெட்டதைச் சரி செய்துவிடும். பழையதன் மேலேயே எழுதாமல் வேறிடத்தில் எழுதி முடித்த பிறகே மாற்றிக்கொள்ளும். அதனால் நடுவில் கரண்ட் போனாலும் சேமிப்பகம் பழைய நிலையில் இருக்கும் அல்லது புதிய நிலையில் இருக்கும், இரண்டுங்கெட்டானாக இருக்காது. 2012 மின்வெட்டை அனுபவித்த தென்மாவட்டக்காரர்களுக்கு இதன் அருமையைச் சொல்லத் தேவையில்லை.

இசட்.எஃப்.எஸ்.ஸின் மூல நிரலை சன் 2005-ல் திறந்துவிட்டது. 2010-ல் சன்னை ஆரக்கிள் வாங்கியது, வாங்கிய பிறகு கதவைச் சாத்தியது. ஆனால் ஏற்கெனவே வெளியே வந்த நிரலைத் திரும்ப உள்ளே இழுக்க முடியவில்லை. அதை வைத்து வளர்த்தவர்கள் 2013-ல் ஓபன் இசட்.எஃப்.எஸ். என்ற பெயரில் ஒன்றுசேர்ந்தார்கள்.

ஃப்ரீநாஸ்: ஒரு குடும்பச் சண்டை

இந்தத் துண்டுகளை எல்லாம் சேர்த்து, சாதாரண மனிதர் பிரவுசரில் திறந்து இயக்கும்படி ஒரு பெட்டியாக ஆக்கியவர் ஒலிவியே கொஷார் லபே என்ற பிரெஞ்சுக்காரர். 2005-ல் ஃப்ரீபிஎஸ்டி மேல் அவர் கட்டியது ஃப்ரீநாஸ். பென் டிரைவிலிருந்தே கிளம்பும். மூலையில் தூசி படிந்து கிடந்த கம்ப்யூட்டர் அரை மணி நேரத்தில் சர்வர் ஆகிவிடும்.

2009-ல் சண்டை வந்தது. குழுவில் இருந்த வோல்கர் தைலே, இதை டெபியன் லினக்ஸுக்கு மாற்றி எழுதலாம் என்றார். ஃப்ரீபிஎஸ்டி ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள். ஐஎக்ஸ்சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம் வந்து ஃப்ரீநாஸை ஃப்ரீபிஎஸ்டியிலேயே தொடர்வதாகப் பொறுப்பேற்றது. தைலே தனிக்குடித்தனம் போய் 2011-ல் ஓபன்மீடியாவால்ட்டை வெளியிட்டார். ஃப்ரீநாஸையும் நிறுவனம் புதிதாக எழுதிவிட, பழைய வடிவமே போதும் என்றவர்கள் 2012-ல் நாஸ்ஃபார்ஃப்ரீ என்று தொடங்கினார்கள். அது 2018-ல் சிக்மாநாஸ் ஆனது. ஃப்ரீநாஸ் 2020-ல் ட்ரூநாஸ் ஆனது. 2022-ல் வேடிக்கை பாருங்கள், அதே நிறுவனம் ட்ரூநாஸ் ஸ்கேல் என்று டெபியன் லினக்ஸ் மேல் ஒரு பதிப்பை வெளியிட்டது. எதற்காகச் சண்டை போட்டார்களோ அங்கேயே வந்து சேர்ந்தார்கள்.

இதைப் படித்தால் "என்னடா இது, ஒரு பெயர்கூட நிலையாக இல்லையே" என்று தோன்றும். ஆனால் இந்தச் சண்டையால் யாருடைய ஃபைலும் பூட்டப்படவில்லை. ஒரே வீட்டில் நான்கு சமையலறை ஆயிற்று, சாப்பாடு நிற்கவில்லை.

தமிழ்நாட்டிலிருந்து ஒருவர்

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஆனந்த் பாபு பெரியசாமி, அமெரிக்காவில் கலிஃபோர்னியா டிஜிட்டல் நிறுவனத்தில் தொழில்நுட்பத் தலைவராக இருந்தார். லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்துக்காக அந்த நிறுவனம் கட்டிய தண்டர் என்ற சூப்பர் கம்ப்யூட்டர், 2004 ஜூனில் உலக வரிசையில் இரண்டாவது இடத்தில் இருந்தது. பிறகு 2005-ல் அவர் தொடங்கிய முயற்சிதான் கிளஸ்டர்எஃப்எஸ். குனு என்ற சொல்லையும் கூட்டம் என்று பொருள்படும் கிளஸ்டரையும் ஒட்டி வைத்த பெயர்.

ஒரு பெட்டி போதாதபோது பல பெட்டிகளைச் சேர்த்து ஒரே டிரைவ் போலக் காட்டுவது இதன் வேலை. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று எழுதி வைக்கத் தனியாக ஒரு கணக்குப்பிள்ளை கிடையாது. ஃபைலின் பெயரை வைத்தே கணக்குப் போட்டு இடத்தைக் கண்டுபிடிக்கும். கணக்குப்பிள்ளை விடுப்பு எடுத்தால் கடையை மூடுகிற நிலை வராது. இன்னொன்று, சாதாரண அமைப்பில் ஒவ்வொரு பெட்டியிலும் ஃபைல் முழு ஃபைலாகவே இருக்கும். நாளைக்குக் கிளஸ்டர் இல்லாமல் போனாலும் டிஸ்கைக் கழற்றி வேறு லினக்ஸ் கம்ப்யூட்டரில் மாட்டிப் படித்துக்கொள்ளலாம்.

ரெட் ஹேட் நிறுவனம் 2011-ல் இதைச் சுமார் 13 கோடியே 60 லட்சம் டாலருக்கு வாங்கியது. பின்னாளில் அதன் ஆர்வம் வேறு பக்கம் திரும்பியது. ரெட் ஹேட்டின் கிளஸ்டர் விற்பனைப் பதிப்புக்கான ஆதரவு 2024 முடிவோடு நின்றது.

ஆனந்த் பாபு 2014-ல் வேறு சிலரோடு சேர்ந்து மினியோவைத் தொடங்கினார். அமேசான் 2006-ல் கொண்டுவந்த எஸ்3 சேமிப்பகத்தின் பாஷையைப் பேசும், ஆனால் நம் சொந்தக் கம்ப்யூட்டரில் ஓடும். உலகெங்கும் பரவியது. 2021-ல் அதன் உரிமம் கண்டிப்பானதாக மாறியது. 2025-ல் இலவசப் பதிப்பின் திரையிலிருந்து நிர்வாக வசதிகள் எடுக்கப்பட்டன. அதே வருடம் இலவசப் பயனர்களுக்கு ஆயத்த வடிவில் கொடுப்பதும் நின்றது. பலருக்கு வருத்தம். ஆனால் அதுவரை வெளிவந்த நிரல் வெளியேதான் இருக்கிறது, எஸ்3 பாஷை பேசும் வேறு கட்டற்ற மென்பொருள்களும் இருக்கின்றன.

ஆரக்கிள், ரெட் ஹேட், மினியோ என்று மூன்று கதையிலும் ஒரே பாடம்தான். "இலவசம்" என்பது பெரிய விஷயம் இல்லை, சொந்தக்காரர் நாளைக்கு மனம் மாறலாம். அப்படி மாறினாலும் நம் ஃபைல் நம் கையில் இருக்குமா, வேறொருவர் திறக்க முடிகிற வடிவில் இருக்குமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பட்டாசு ஆலை சொல்லும் பாடம்

மென்பொருள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஒன்றை மறக்கக் கூடாது. இதை எங்கள் ஊர்ப் பட்டாசு ஆலையின் அமைப்பே சொல்லும். வெளியூர்க்காரர்கள் பார்த்தால், இவ்வளவு நிலத்தில் ஏன் குட்டிக்குட்டி அறைகளைத் தள்ளித்தள்ளிக் கட்டியிருக்கிறார்கள் என்று கேட்பார்கள். ஓர் அறை வெடித்தால் அடுத்த அறைக்குப் பரவக் கூடாது, அதற்குத்தான் இடைவெளி. ஆபத்தான வேலை நடக்கும் அறையில் 4 பேருக்கு மேல் இருக்கக் கூடாது, அளவுக்கு மேல் மருந்து வைக்கக் கூடாது என்று விதி. அந்த விதிகளை மீறியபோதெல்லாம் என்ன நடந்தது என்பது எங்களுக்குத் தெரியும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 உயிர்கள் போயின. உயிரோடு ஃபைலை ஒப்பிடவில்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே அறையில் குவிக்காதே என்ற அறிவு, இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய அறிவு. அதைக் கம்ப்யூட்டர் அறைக்கும் கொண்டுபோகலாம்.

மிரரிங் செய்துவிட்டேன், இனிக் கவலை இல்லை என்று நினைப்பவர்கள் அதிகம். மிரரிங் ஒரு டிஸ்க் சாவதிலிருந்துதான் காப்பாற்றும். நீங்கள் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டு டிஸ்கிலும் அதே நொடியில் அழியும். பெட்டிக்கே தீப்பிடித்தால் இரண்டும் சேர்ந்து போகும். அதனால்தான் 3-2-1 என்று ஒரு விதி சொல்வார்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு கட்டடத்தில். அச்சகம் சிவகாசியில் என்றால் மூன்றாவது பிரதி விருதுநகரில் ஒரு உறவினர் வீட்டில் இருந்தால்கூடப் போதும்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு

சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய கம்ப்யூட்டர் ஒன்று, ஒரே அளவுள்ள புது டிஸ்க் இரண்டு. பழைய டிஸ்கில் கஞ்சத்தனம் வேண்டாம். 8 ஜிகாபைட்டுக்குக் குறையாமல் ரேம் இருந்தால் ட்ரூநாஸ், குறைவு என்றால் ஓபன்மீடியாவால்ட். நெட்வொர்க் சுவிட்ச் ஜிகாபிட்டாக இருக்கட்டும். மேலே சொன்ன 216 மெகாபைட் படம் பழைய 100 மெகாபிட் சுவிட்சில் 18 நொடிக்கு மேல் எடுக்கும், ஜிகாபிட்டில் 2 நொடி. யுபிஎஸ் கட்டாயம், அதன் யுஎஸ்பி வயரையும் இணைத்தால் பேட்டரி தீரும் முன் சர்வர் தானாகவே அணைந்துகொள்ளும். பட்டாசுப் பகுதியில் தூசி அதிகம், மாதம் ஒருமுறை ஃபேனைத் துடையுங்கள். தினமும் ஸ்னாப்ஷாட் எடுக்கச் சொல்லி வையுங்கள், தவறுதலாக அழித்ததை நேற்றைய நிலையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

பழைய எஸ்.எம்.பி. முதல் பதிப்பை அணைத்துவிடுங்கள், 2017-ல் வான்னாக்ரை வைரஸ் உலகைச் சுற்றியது அந்த ஓட்டை வழியாகத்தான். பெட்டியை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பழைய ஃபைல் ஒன்றை மூன்றாவது பிரதியிலிருந்து எடுத்துத் திறந்து பாருங்கள். திறக்காத பிரதி, பிரதியே இல்லை. பாஸ்வேர்டையும் டிஸ்க் விவரத்தையும் ஒரு தாளில் எழுதி, நம்பிக்கையான இன்னொருவரிடம் கொடுங்கள். பெட்டியைக் கட்டினவர் வேலையை விட்டுப் போனதும் திறக்கத் தெரியாமல் போகிற சேமிப்பகமும் தேய்த்த கல்தான்.

முடிவாக

கல்லைத் தேய்த்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்கு வேறு வழி இல்லை. கல்லுக்கு விலை இருந்தது, படத்துக்கு ஒரு வருட ஆயுள்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். இன்று இடம் மலிவு, மென்பொருளை யாரோ முகம் தெரியாதவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இனியும் நம் படங்கள் அழிந்தால் பழியைக் கல்லின் மேல் போட முடியாது.

அடுத்த ஆடிப்பெருக்குக்கு ஒரு புது ஆல்பம் வரும். அதைச் செய்கிற டிசைனர்களில் யார் நாளைய கொண்டையராஜு என்று இன்று யாருக்கும் தெரியாது. தெரியாததால்தான் எல்லாவற்றையும் வைத்திருக்க வேண்டும்.